ஈரச் சீவாளி

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சாரல் உள்ளே அடிக்கிறது, கதவைச் சாத்திவிடுங்கள். பயப்படுகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.

குற்றாலத்து இசைப் பள்ளி ஒன்றில் நாகசுரம் படித்துக்கொண்டிருந்த இசக்கிச்செல்வி, மதியச் சாப்பாடு முடிந்து பயிற்சி அறைக்கு வந்தபோது, அவளுடைய சீவாளி ஈரமாக இருந்தது. நாகசுரத்தின் நுனியில் செருகி, உதட்டில் வைத்து ஊதும் சிறு நாணல் துண்டு அது. வாயில் ஊறவைத்தால்தான் ஈரமாகும். காலையிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை.

பக்கத்து அறையில் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த தோழியிடம் போனாள். "ஏட்டி சஃப்ரின், என் சீவாளிய யாருட்டி வாயில வச்சது?"

"நான் என் வில்லையே கடிக்கதில்ல, உன் சீவாளியக் கடிக்கப் போறேனாக்கும்! போய் வாசிட்டி. மூணு மணிக்குப் பரீட்சை."

போன தடவை இசக்கிச்செல்வி, ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் மூச்சு பாதியிலேயே அறுந்து தோற்றிருந்தாள். இந்தத் தடவையும் தோற்றால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

தன் அறைக்குத் திரும்பி, சீவாளியைத் துப்பட்டாவில் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினாள். கதவைத் தாழிட்டாள். கன்னம் உப்பாமல் ஊதிப் பழகுவதற்காக எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி, சாரலின் ஈரத்தில் ஓரங்களில் மங்கிக்கிடந்தது. தகரக் கூரையில் தூறலும், தூரத்து அருவியின் ஓயாத இரைச்சலும், சுருதிப் பெட்டியின் முனகலும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் அறையை நிரப்பின. அதற்குள் இன்னொன்று இருந்தது. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். நெடுநேரம் இழுத்தார்கள். விடவில்லை.

சுருதிப் பெட்டியை அணைத்தாள். இழுப்பு நிற்கவில்லை.

டப்பாவைத் திறந்தாள். மறுபடியும் ஈரம். இப்போது வெதுவெதுப்பு. அருவிப் பாறையின் பாசி வாடை.

மணி இரண்டு ஐம்பது. வேறு சீவாளி அவளிடம் இல்லை.

செருகினாள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தாள்.

அவள் ஊதவில்லை. மறுமுனையிலிருந்து ஊதினார்கள்.

குளிர்ந்த காற்று தொண்டைக்குள் இறங்கியது. நாகசுரம் முழங்கியது. விரல்கள் தாமாக நகர்ந்தன. வாயை எடுக்கப் பார்த்தாள். உதடு வரவில்லை. நெஞ்சு விம்மியது. இன்னும் விம்மியது. தாழவே இல்லை.

கதவுக்கு வெளியே சஃப்ரின் கைதட்டினாள். "ஏ அம்மா! மூச்சே விடாம வாசிக்குதியேட்டி! சார், இங்கன வந்து கேளுங்க சார்!"

இசக்கிச்செல்வி கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். நாகசுரத்தின் அகன்ற வாய்க்குள், தண்ணீர் சொட்டச் சொட்ட, வெளிறிய இரண்டு உதடுகள் குவிந்திருந்தன.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உறங்கும் ஒவ்வொருவருடைய மூச்சும் விடியும்வரை அவரவரிடமே இருக்கட்டும்.