சொல்லாமல் விட்ட புயல்

மதியமே ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஆனாலும் இருட்டத் தொடங்கிய மாடிப்படியில் அவள் ஏறும்போது, அண்ணனின் ஆக்சிஜன் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. புஸ்... டக். புஸ்... டக்.

நின்றாள். படிக்கட்டு ஜன்னல் வழியே விழுந்த சிவப்பு வெளிச்சம் சுவரில் ஈரத்துணி அசைவதுபோல் அசைந்தது. எங்கிருந்தோ கருகிய எண்ணெய் வாடை வந்தது. இந்த ஊர் வானத்தில் யாருமே பார்த்திராத, வழக்கமாகத் துருவப் பிரதேசங்களில் தெரியும் துருவ ஒளி. தெருவில் பிள்ளைகள் கைதட்டி ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவளால் தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சூரியனைக் கண்காணிப்பதுதான் அவள் வேலை. சூரியன் வெடித்துத் துப்பிய மின்துகள் மேகம் நேராகப் பூமியை நோக்கி வருவதை நேற்றே பார்த்துவிட்டாள். அது மோதினால் வானம் சிவக்கும். நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் புகுந்து டிரான்ஸ்ஃபார்மர்கள் கருகும். மின்வாரியத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் சுமையைக் குறைத்துச் சமாளித்திருப்பார்கள். ஆனால் போன மாதம் அவள் எச்சரித்த சூரியப் புயல் வரவில்லை. அலுவலகமே "புயலம்மா" என்று பெயர் வைத்துச் சிரித்தது. மறுபடி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று இருந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பேட்டரி தீர்ந்துபோச்சு. ஒரு போனும் வேலை செய்யல. ஆம்புலன்ஸ் தேடித் தெருத்தெருவா ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள உங்க அண்ணன்..."

"இல்ல அண்ணி, மெஷின் ஓடுதே!"

அண்ணி மெல்ல நிமிர்ந்தாள். "உனக்கும் கேக்குதா?"

அண்ணியின் பக்கத்தில்தான் மெஷின் இருந்தது. ஒயர் சுற்றி, ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டு.

புஸ்... டக்.

சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"அவரு முகத்தை மூடிட்டுத்தான் வந்தேன். போகாதம்மா."

போகாமல் எப்படி இருப்பாள்? நேற்றே சொல்லியிருந்தால் அண்ணன் இந்நேரம் டீ கேட்டிருப்பான்.

அறைக் கதவைத் தள்ளினாள். மருந்து வாடை. திறந்த ஜன்னல். வானம் முழுக்கச் சிவப்பு. அது மங்கியது. பிரகாசித்தது. மங்கியது.

கட்டிலில் அண்ணன். முகத்தின் மேல் வெள்ளைத் துணி.

"மன்னிச்சிடுண்ணா," என்றாள்.

வானம் பிரகாசித்தது. துணி வாய்க்குள் குழிந்தது. ஆழமாக. இன்னும் ஆழமாக.

மங்கியது. துணி மெல்ல எழுந்தது.

அண்ணனின் கை அசைந்தது. நகர்ந்தது. கட்டிலில் தன் பக்கத்து இடத்தை, வா, வந்து உட்கார் என்பதுபோல், மெதுவாகத் தட்டியது.