பின்சீட்டு பெல்ட்

யாரும் உட்காராத பின்சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. ஸ்டெர்லினுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் ரப்பர் வாடையும் கலந்து மூக்கில் ஏற, மழைத்தண்ணீர் குழாய்களில் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி, டார்ச்சோடு அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். தொண்ணூறுகளில் வந்த இரண்டு கதவு ஜப்பான் கார். மும்பை முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைப்பது சந்தேகம். பழைய கார்களுக்கு மதிப்புப் போடுவதுதான் அவன் பிழைப்பு. ஊராருக்கெல்லாம் மதிப்புப் போட்டுக் கொடுத்தவன், தனக்கென்று ஒன்று வாங்க வந்திருப்பது இதுவே முதல் தடவை. ஆசை அவனைப் பாடாய்ப் படுத்தியது.

அதற்கு மேலே சந்தேகம். வண்டியை விற்கும் ருக்கு மாமி கேட்ட விலை அநியாயத்துக்குக் குறைவு. இப்படிப்பட்ட வண்டியைச் சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? எங்கேயோ அடிபட்டிருக்க வேண்டும். பெயின்ட்டைப் பார்த்தான், கதவு இடுக்கைப் பார்த்தான், போல்ட் தலைகளைத் தடவிப் பார்த்தான். எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தன. இருந்தும் மனசு ஆறவில்லை.

"அந்த பெல்ட்டை மட்டும் கழட்டாதேங்கோ," என்றாள் மாமி. படிக்கட்டைவிட்டு இறங்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் மாமி?"

"ஆத்துக்காரர் இருந்தவரைக்கும் கழட்டினதில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்தான் ஸ்டெர்லின். பெல்ட்டின் அடிநுனியில் அது தயாரான தேதி தைத்திருக்கும். விபத்துக்குப் பிறகு மாற்றியிருந்தால் அந்தத் தேதி காட்டிக்கொடுத்துவிடும். தொழில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. மாமி, கூட வந்திருந்த அவன் மனைவி சுனிதாவிடம், "எத்தனை மாசம்மா?" என்று கேட்கத் திரும்பிய நேரம், உள்ளே சாய்ந்து பெல்ட்டைக் கழற்றினான்.

தேதி சரியாக இருந்தது. அசல் பெல்ட். சீட்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.

"எனக்கென்னமோ இந்த வண்டி வேண்டாம்னு தோணுதுங்க," என்றாள் சுனிதா. ஆறு மாத வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள்.

"சும்மா வாட்டி. ஒரு குத்தமும் இல்லாத வண்டி."

சாவி கைக்கு வந்தபோது மழை வலுத்திருந்தது. வடாலா பக்கம் திரும்பினார்கள். சுனிதா அவன் பக்கத்தில், முன்சீட்டில், பெல்ட் மாட்டாமல் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டி ஓடியது வெண்ணெயாக. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் கூடுதலாக அமுங்கி, மெதுவாக எழுந்தது, ஆள் ஏற்றிய வண்டியைப்போல. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்தான். பின்சீட்டு காலி. முதுகுக்குப் பின்னால் தோல் சீட்டு முனகியது. திரும்பவும் பார்த்தான். காலி.

பிடரியில் சூடாக ஏதோ பட்டது.

மூச்சு.

சிக்னல். நிறுத்தினான். பயமாக இருந்தது. சுனிதாவை இறங்கச் சொல்ல வேண்டும். உடனே. வாயைத் திறந்தான்.

"விடுங்க, நானே மாட்டிக்கிடுதேன்," என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்தபடி.

ஸ்டெர்லினின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நீண்ட கை ஒன்று பெல்ட்டை நிதானமாக இழுத்து, வயிற்றுக்குக் கீழே பதமாக நீவி, மாட்டியது. மாட்டிய பிறகும் போகவில்லை. அவள் வயிற்றின் மேலேயே இருந்து, தூங்கவைப்பதுபோல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.