நிறுத்தச் சொன்ன இரண்டு கைகள்

எட்டாம் வகுப்பில் அவளுக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். வைத்தவர் கணக்கு சார்தான். “வட்டத்துக்கு மூலை கிடையாது” என்று அவர் சொன்னால்கூட, “ஏன் சார் கிடையாது?” என்று எழுந்து நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார், பாவம்!

அவள் பக்கத்தில் உட்காருபவளுக்குப் ‘பஞ்சு’ என்று பெயர். பென்சில் பெட்டியில் பென்சில் இருக்கிறதோ இல்லையோ, பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கும். யாருக்கு முட்டி சிராய்த்தாலும் முதல் ஆளாக ஓடுவாள். “எரியுதா? பத்து வரைக்கும் எண்ணு, நின்னுடும்” என்பாள். எண்ணி முடிப்பதற்குள் கட்டுப் போட்டிருப்பாள்.

திங்கட்கிழமை காலை, கணக்கு சார் பலகையில் மூன்று பட்டியல்களை ஒட்டினார்.

“வெள்ளிக்கிழமை உங்களுக்கு வேலை அறியும் நாள். வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கப்போறீங்க. முதல் பத்து ரேங்க் ஆஸ்பத்திரிக்கு. அடுத்த பத்துப் பேர் வங்கிக்கு. மீதிப் பத்துப் பேர்...” என்று நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “எதிர்த்தாப்புல கட்டடம் கட்டுறாங்களே, அங்க.”

“அங்க எதுக்கு சார்?” எதிர்க்கட்சி எழுந்துவிட்டாள்.

“படிக்காம ஊர் சுத்தினா என்ன ஆவோம்னு கண்ணால பார்த்துட்டு வரட்டும். அப்பவாவது புத்தி வரும்.”

வகுப்பே சிரித்தது. எதிர்க்கட்சி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். வானத்தை அளப்பதுபோல் நீண்ட கையோடு ஒரு கிரேன் நின்றது. அதன் கீழே, ஆரஞ்சு நிறச் சட்டையும் மஞ்சள் தொப்பியும் போட்ட ஒருவர் விரலை உயர்த்திச் சுழற்றிக்கொண்டிருந்தார். அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு ஒரு கட்டு இரும்புக்கம்பி மெல்ல மேலே போனது.

அந்த ஆரஞ்சுச் சட்டை, அவளுடைய அம்மா.

பள்ளியில் யாருக்கும் இது தெரியாது. அவள் ஒன்றும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ரேங்க் வாங்கிய அவள் பெயர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்தது. பஞ்சுவின் பெயர் கடைசிப் பட்டியலில், அதிலும் கடைசியில்.

*

எதிர்க்கட்சியின் வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான் நடக்கும். பகலெல்லாம் சைகை காட்டிப் பழகிய அம்மாவுக்கு அது வீட்டிலும் விடாது. விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால், தம்பி அலமாரி மேலிருந்து இறங்கிவிட வேண்டும். ஒரு கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால், சண்டையை நிறுத்த வேண்டும்.

அன்று சாப்பிடும்போது சார் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அம்மாவின் கை தட்டிலேயே நின்றது.

“அவர் அப்படியா சொன்னார்?” என்றாள் அம்மா. “இந்த வேலைக்கு நான் மூணு மாசம் படிச்சேன். பரீட்சை எழுதினேன். முதல் தடவை ஃபெயில்கூட ஆனேன்.”

“நீயா? ஃபெயிலா?” தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

“காத்து எவ்வளவு வேகமா அடிச்சா வேலையை நிறுத்தணும்னு ஒரு பாடம். அதுல கோட்டை விட்டேன். மறுபடி உட்கார்ந்து படிச்சுத் தேறினேன். தேறாம அங்க நிக்க விடமாட்டாங்க. என் விரலை நம்பித்தானே மேல ஒருத்தர் கனத்தைத் தூக்குறார்?”

“நீ சொன்னா மட்டும்தான் கேப்பாராம்மா?” என்றாள் எதிர்க்கட்சி.

“ஆமா. பெரிய முதலாளியே வந்து தூக்குன்னு கை காட்டினாலும் தூக்கமாட்டார். ஆனா ஒண்ணே ஒண்ணை மட்டும் யார் காட்டினாலும் கேட்கணும்.” அம்மா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். உள்ளங்கைகளைக் கவிழ்த்து வெடுக்கென்று ஆட்டினாள். “உடனே நிறுத்து! நேத்துச் சேர்ந்தவங்க காட்டினாலும் சரி, பெருக்குறவங்க காட்டினாலும் சரி. முதல்ல நிறுத்தணும். ஏன்னு அப்புறம்தான் கேக்கணும்.”

மறுநாள் காலை அவள் நேரே கணக்கு சாரிடம் போனாள்.

“சார், நான் கட்டடத்துக்குப் போறேன். என் இடத்தைப் பஞ்சுவுக்குக் கொடுங்க. அவளுக்கு நர்ஸ் ஆகணும்.”

“அறிவியல்ல முப்பத்திநாலு வாங்கிட்டு நர்ஸா? ரேங்க்ல கிடைச்ச இடத்தைப் போய் வேண்டாங்கிறியே. பட்டியல்னா பட்டியல்தான். போ!”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பஞ்சு சிரிக்க முயன்றாள்.

“விடுடி. எனக்கு ஆஸ்பத்திரில என்ன வேலை? காய்ச்சல் வந்தாப் போய்க்கிறேன்.”

சொல்லிக்கொண்டே பென்சில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் மட்டும் இருந்தன.

“பஞ்சு எங்கடி?”

“குப்பைத்தொட்டில.”

அதற்குப் பிறகு எதிர்க்கட்சி அன்று சாரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாருக்கே அது கொஞ்சம் பயமாக இருந்தது.

*

வியாழக்கிழமை காலைக் கூட்டம். பள்ளி முழுவதும் வரிசையாக நின்றது. தலைமை ஆசிரியை மேடையில் பட்டியலைப் படிக்கத் தொடங்கினார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகிற மாணவர்கள்...”

எதிர்க்கட்சி கண்ணை மூடினாள். ‘சாமி, என் குரல் மட்டும் நடுங்காம இருக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டாள். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கைகளைக் கவிழ்த்து வெடுக்கென்று ஆட்டினாள்.

“யாரது? எங்கேயாவது பறக்கப் போறியா?” என்றார் தலைமை ஆசிரியை.

எல்லாரும் சிரித்தார்கள். “கையைக் கீழே போடு!” என்று கணக்கு சார் பல்லைக் கடித்தார். அவள் போடவில்லை.

“மேடம், இது கிரேன் சைகை. உடனே நிறுத்துங்கன்னு அர்த்தம். தூக்குறதுல தப்பு தெரிஞ்சா யார் வேணும்னாலும் காட்டலாம். முதல்ல நிறுத்திட்டுத்தான் ஏன்னு கேக்கணும்.”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “சரி, நிறுத்திட்டேன். ஏன்?”

குரல் நடுங்கத்தான் செய்தது. இருந்தாலும் பேசினாள்.

“மார்க் பார்த்து எங்களை அனுப்புறீங்க. யாருக்கு என்ன ஆகணும்னு யாருமே கேக்கலை. நர்ஸ் ஆகணும்கிறவ கட்டடத்துக்குப் போறா. கிரேன் ஓட்டணும்கிற நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அப்புறம்... அந்தக் கட்டடம் தண்டனை இல்லை மேடம். எங்க அம்மா அங்க வேலை செய்றாங்க. பரீட்சை எழுதித் தேறின வேலை.”

சாலைக்கு அந்தப் பக்கம் கிரேன் மட்டும் முனகியது.

“மூணாவது ரேங்க் வாங்கிட்டுக் கிரேனா?” என்றார் கணக்கு சார், ஆற்றாமையோடு.

“முதல்ல ஓட்டணும் சார். அப்புறம் அதைவிட நல்ல கிரேன் ஒண்ணு செய்யணும். ரெண்டுக்கும் கணக்கு வேணும். நீங்கதான் சொல்லித் தரணும்.”

தலைமை ஆசிரியை கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கையிலிருந்த பட்டியலை நான்காக மடித்தார்.

“சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. என்ன ஆகணும்? அதுக்கு இன்னிக்கு எந்தப் பாடத்துல உதைக்குது? பொய் எழுதினா எல்லாரையும் என் அறையைப் பெருக்க அனுப்பிடுவேன்.”

பஞ்சு எழுதியது இதுதான்: ‘நர்ஸ் ஆகணும். அறிவியல் உதைக்கிறது. பலமாக உதைக்கிறது.’

*

எழுதிக் கொடுத்ததை வைத்துப் பட்டியல்கள் மாறின. வெள்ளிக்கிழமை கட்டட வாசலில் பன்னிரண்டு பேர் தலையில் மஞ்சள் தொப்பியோடு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கணக்கு சாருக்குத் தொப்பி பெரிதாகிவிட்டது. பேசும்போதெல்லாம் மூக்கு வரை இறங்கியது.

கிரேன் ஓட்டுநர் இடைவேளையில் இறங்கி வந்தார். “ஒரு கணக்கு கேக்கட்டுமா? இந்தக் கிரேன் இருபது மீட்டர் தூரத்துல நாலு டன் தூக்கும். நாற்பது மீட்டர்ல எவ்வளவு?”

“தூரம் இரட்டிப்பு, கனம் பாதி. ரெண்டு டன்!” சார் முந்திக்கொண்டார்.

“ரெண்டு டன் மாட்டினா நாம எல்லாரும் ஓடணும் சார்” என்று சிரித்தார் ஓட்டுநர்.

சார் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு யோசித்தார். கடைசிப் பட்டியலில் இருந்த ஒரு நெட்டைப் பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான். “கொக்கியும் கனம்தானே சார்? வெறும் பையைத் தூக்கினாலே கை வலிக்குமே.”

“அப்படிச் சொல்லு! கொக்கியும் அது தொங்குற வண்டியும் நானூறு கிலோ. இப்பப் போடுங்க.”

எதிர்க்கட்சி விறுவிறுவென்று போட்டாள். “கொக்கியோட சேர்த்தா நாலு டன் நானூறு கிலோ. அதுல பாதி, ரெண்டு டன் இருநூறு. கொக்கிக்கு நானூறைக் கழிச்சா... ஒரு டன் எண்ணூறு!”

“சரியான விடை” என்றார் ஓட்டுநர்.

சார் பையிலிருந்து நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிறகு நெட்டைப் பையனைத் திரும்பிப் பார்த்தார். “இதையெல்லாம் வகுப்புல ஏன்டா சொல்ல மாட்டேங்கிற?”

“நீங்க கொக்கியைப் பத்திக் கேக்கலையே சார்.”

சாரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. போகும்போது அம்மாவின் முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றப் போனார்.

“தொப்பியைக் கழட்டக் கூடாது சார்” என்றாள் அம்மா.

“மன்னிச்சுக்குங்கம்மா” என்றார் சார். அது தொப்பிக்கு மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி பள்ளி வாசலில் வந்து நின்றது. பஞ்சு குதித்து இறங்கி ஓடி வந்தாள்.

“ஏய் எதிர்க்கட்சி! ரத்த அழுத்தம் பார்க்கிறதைக் காட்டினாங்கடி. அந்த அழுத்தப் பாடம் இருக்குல்ல, நான் தாண்டித் தாண்டிப் போவேனே, அதேதான்! இப்பவே சொல்லிக்கொடு.”

“இப்பவேவா? வீட்டுக்குப் போக வேண்டாமா?”

“வேண்டாம்!”

பஞ்சு தன் பென்சில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே புதுப் பஞ்சு பொங்கி நின்றது.

இருவரும் வாசற்படியிலேயே புத்தகத்தை விரித்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், வேலை முடித்துக் கிளம்பிய அம்மா அவர்களைப் பார்த்துவிட்டாள். கூப்பிடவில்லை. ஒரு விரலை உயர்த்திச் சுழற்றினாள். அதன் மேலே இன்னொரு கையை அசையாமல் பிடித்தாள்.

“என்னடி சொல்றாங்க?” என்றாள் பஞ்சு.

“மெதுவா மேல தூக்கு, அப்படின்னு.”

பஞ்சு அம்மாவைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டிவிட்டு, அழுத்தப் பாடத்தின் முதல் வரியைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.