பெஞ்சுக்கு அந்தப் பக்கம்

முறுக்கு சுட்டதற்காக ஒருத்தி மேல் புகார் கொடுக்கிற ஊரில் என்னதான் செய்ய முடியும்? டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில், வீட்டுக் கராஜில் யாமினி எண்ணெய்ச் சட்டி வைத்த கொஞ்ச நாளிலேயே, குடியிருப்போர் சங்கத்திடமிருந்து நாசூக்காக ஒரு மிரட்டல் வந்துவிட்டது. வாடை தாங்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரன் வாரம் தவறாமல் மாட்டிறைச்சியைப் புகைபோட்டு வாட்டுகிறான், அது மட்டும் மல்லிகை வாசம் போலிருக்கிறது.

ரிச்சர்ட்சனில் அவள் பார்த்துவந்த டெலிகாம் வேலையும் அதற்கு முன்பே போயிருந்தது. இனி எவனிடமும் கைகட்டி நிற்பதில்லை, முறுக்குதான் என் தொழில் என்று கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்களில் காப்பெல்வரை தீபாவளி ஆர்டரும் எடுத்தாகிவிட்டது. முறையாக அனுமதி உள்ள ஓர் அடுப்பு மட்டும் வேண்டும். அது அமையாவிட்டால் அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அந்தக் கவலையோடுதான் ஒரு சனிக்கிழமை மதியம் கணவன் சபரியோடு அந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போனாள். ஃப்ரீவே முடிந்து, சோளக்காடும் எண்ணெய்க் கிணறும் கடந்து, வெகுதூரம் கிழக்கே. டயர் கடை, டைல்ஸ் கிடங்கு, சிறுபிள்ளைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு என்று வரிசையாகத் தகரக் கூரைகள். பின்னால் புல் மூடிய மேடுகள் ஒரே அளவில் ஒரே இடைவெளியில் நின்றன.

"கோல்ஃப் கோர்ஸா அது?" என்று கேட்டான் சபரி.

எஸ்டேட் மேனேஜர் சிரித்தார். டெக்சாஸ்காரர்களுக்கே உரிய இழுவையோடு அவர் சொன்ன கதை இதுதான். உலகப் போர்க் காலத்தில் இங்கே பீரங்கிக் குண்டுகளுக்குள் வெடிமருந்து அடைத்தார்கள். அடைத்த குண்டுகளை அந்த மேடுகளுக்குள் அடுக்கினார்கள். ஆண்கள் சண்டைக்குப் போய்விட்டதால் வேலை பார்த்ததெல்லாம் பெண்கள். போர் முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாடகைக்கு விட்டாயிற்று.

அவர் காட்டிய கட்டடத்தில் ஜன்னலே இல்லை. உள்ளே ஒரு பெரிய கூடம். மூன்று பக்கமும் கை நீள கனத்துக்குக் கான்கிரீட் சுவர். நான்காவது பக்கம் மட்டும் வெறும் தகரம்.

"கான்ட்ராக்டர் பாதியிலயே ஓடிட்டானா?" என்றான் சபரி.

"வெடித்தால் அந்தப் பக்கமாக வெளியே போகட்டும் என்றுதான்" என்றார் மேனேஜர், ஏதோ வாஸ்து வசதியைச் சொல்வதுபோல.

கூடத்துக்கு முன்னால் ஒரு சின்ன அறை. அதன் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை, முழங்கால் உயரத்தில் ஒரு மரப் பெஞ்சு. தாண்டாமல் உள்ளே போக வழியில்லை. வேலைக்கு வரும் பெண்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து செருப்பு, ஹேர்பின், தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஆணியில்லாத மர அடிச்செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவார்களாம். இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அத்தனையும் போய்விடும்; அதனால் கருவிகள்கூடப் பித்தளைதானாம். அவர்களைத் தடவிச் சோதிக்கவென்றே ஒரு பெண் இங்கே நிற்பாளாம். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, அதன்மேல் பிளாஸ்திரி சுற்றி அனுப்புவாளாம்.

"க்யூட்டா இருக்குல்ல? நம்ம வீட்டு ஷூ பெஞ்சு மாதிரியே" என்றான் சபரி, அதன்மேல் தட்டிக்கொண்டே.

அந்த அறையில் நகப்பூச்சு அழிக்கும் மருந்தின் வாடை லேசாக அடித்தது. யாமினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் காய்ந்தால் எல்லா வாடையும் போய்விடும்.

எண்ணெய் காய்ந்தால்தானே!

வாடகை பேசி, புது கேஸ் அடுப்பும் வைத்தாயிற்று. பற்றவைத்தால் நீலமாகக் குப்பென்று பிடிக்கும். பிறகு யாரோ திரியைக் கிள்ளியதுபோல ஒவ்வொரு கண்ணாகச் சுருங்கி அணையும். காற்று கிடையாது. கேஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டால் அரை நாள் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். வந்த டெக்னீஷியன் குழாயை முகர்ந்தான், மீட்டரைத் தட்டினான், ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்துவிட்டுப் போனான். கரண்ட் அடுப்பு வைக்கலாமென்றால் அவ்வளவு லோடு இந்தக் கட்டடம் தாங்காது என்றார் மேனேஜர். சபரியோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைத்திருந்தான்.

"கொஞ்சம் சில் பண்ணு யாமினி."

அவனைச் சட்டியில் போட்டுப் பொரிக்கலாமென்றாலும் அடுப்பு எரிய வேண்டுமே.

உதவிக்கு வந்தவர் காப்பெலில் மகனோடு இருக்கும் வசந்தாமணி ஆன்ட்டி. பொள்ளாச்சிக்காரர். கைமுறுக்கு சுற்றுவதில் டாலஸ் வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர்தான் முதலில் கவனித்தார்.

"கண்ணு, ஜல்லிக்கரண்டி எங்க? இப்பத்தானே இங்க வெச்சேன்."

கரண்டி பெஞ்சின்மேல் இருந்தது.

எடுத்துவந்து வைத்தார்கள். மாவு பிசைந்துவிட்டுத் திரும்பினால் மறுபடி பெஞ்சின்மேல். இந்த முறை கத்தியும் கத்தரிக்கோலும் பக்கத்தில். பித்தளை முறுக்கு அச்சை மட்டும் யாரும் தொடவே இல்லை. மாலை கிளம்பும்போது யாமினி பின்னந்தலையைத் தடவிப் பார்த்தாள். கொண்டையில் குத்தியிருந்த ஹேர்பின் ஒன்றுகூட இல்லை.

அவையும் பெஞ்சின்மேல்தான் இருந்தன. நேர்வரிசையாக, ஒரே திசை பார்த்து.

பேய் என்றால் பயம் வர வேண்டும். யாமினிக்கு வந்தது எரிச்சல். வேலை போயிற்று, கராஜ் போயிற்று, தீபாவளி வாசலில் நிற்கிறது, இப்போது இது வேறு. இத்தனை பெரிய அமெரிக்காவில் இதற்குக் குடியிருக்க வேறு இடமா கிடைக்கவில்லை?

"என்னதாண்டி வேணும் உனக்கு?" என்று வெற்றுக் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். தகரச் சுவர் அதிர்ந்து அடங்கியது.

"பொம்பளதான் கண்ணு, சந்தேகமே இல்ல" என்றார் ஆன்ட்டி, குரலை இறக்கி. "ஹேர்பின்ன எல்லாம் ஆசையா எடுக்குதே. பூவும் பொட்டுமா வாழ வேண்டியவ, இங்க வந்து கருகிப் போயிருப்பா. சேல, வளையல், குங்குமம், பூ எல்லாம் வெச்சுக் கும்புட்டுக் கற்பூரம் காட்டீட்டா மனசு குளுந்து போயிருவா. எங்கூர்ல அப்படித்தான் பண்ணுவோம்."

யாமினிக்கு அது நியாயமாகவே பட்டது. கல்யாணமாகாமல் செத்தவளுக்குச் சேலை வைத்துப் படைப்பது அவள் வீட்டிலும் உண்டு. அந்தப் பெஞ்சு எதற்காகப் போட்டது என்று மேனேஜர் சொன்னது மட்டும் அந்த நேரத்தில் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல். யாமினி கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். கை நிறைய வளையல், காலில் மெட்டி, கொண்டையில் ஹேர்பின்களும் அவை தாங்கிய பூவும். பெஞ்சைத் தாண்டும்போது பட்டு மரத்தில் உரசிச் சடசடவென்று பொரிந்தது.

கூடத்தில், தகரச் சுவரோரமாக வாழையிலை போட்டு எல்லாவற்றையும் பரப்பினார்கள். ஆன்ட்டி தாம்பாளத்தில் கற்பூரம் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார்.

அணைந்தது.

இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது.

ஆன்ட்டி விடுவதாக இல்லை. கற்பூரத்தைக் கை நிறைய அள்ளிக் குவித்து, உள்ளங்கையால் மறைத்து, தீப்பெட்டியோடு மல்லுக்கு நின்றார். சுடர் சுருங்கியது, துடித்தது, சுருங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது.

"பாத்தியா, ஏத்துக்கிட்டா!" என்றார் ஆன்ட்டி. இத்தனை நாளில் முதல் முறையாக அந்தக் கூடத்தில் ஒரு நெருப்பு நின்று எரிவதைப் பார்த்ததும் யாமினிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நகப்பூச்சு மருந்தின் வாடை, கண் எரிகிற அளவுக்கு.

பின்னால் மர அடிச்செருப்பு நடக்கிற சத்தம்.

வேகமாக.

யாமினி திரும்புவதற்குள் ஒரு கை அவள் கொண்டைக்குள் நுழைந்தது.

குளிர்ந்த, காய்ப்பேறிய விரல்கள். தடுமாற்றமே இல்லை. ஏர்போர்ட்டில் சோதிப்பவர்கள் தடவுவதுபோல, தினம் நூறு பேரைத் தடவிப் பழகிய வேகம். ஹேர்பின்கள் ஒவ்வொன்றாக உருவப்பட்டன. வளையல்கள் மொத்தமாகக் கழன்றன. காலை யாரோ தூக்கிப் பிடித்தார்கள். மெட்டி போயிற்று.

காதருகே மூச்சு இல்லாத ஒரு குரல்.

"நாட் இன் ஹியர், ஹனி."

விரல்கள் அவள் கழுத்துக்கு வந்தன. தாலிச் செயினைப் பிடித்தன.

"தட் டூ."

அதுவரை கட்டையாக நின்றவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இரண்டு கையாலும் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேலையைப் பிடுங்கினார்கள், சும்மா இருந்தாள். அடுப்பைப் பிடுங்கினார்கள், அதற்கும் பொறுத்தாள்.

"இதத் தரமாட்டேன்! உயிரே போனாலும் தரமாட்டேன்!"

கை நின்றது.

பிறகு, யாரோ சலித்துப்போய்ப் பெருமூச்சு விட்டார்கள். தொடர்ந்து துணி கிழிகிற ஓசை. சர்ரக். கட்டியிருந்த பட்டுதான் கிழிகிறது என்று நினைத்தாள் யாமினி. மூடிய அவள் கைக்குள்ளேயே அந்த விரல்கள் புகுந்து என்னவோ செய்தன.

அடுத்த கணம் செயினோடு சேர்த்து அவளை இழுத்தது அது.

குப்புற விழுந்தாள். தரையோடு தரையாக வாசலை நோக்கிப் போனாள். "ஐயோ கண்ணு!" என்று அலறிய ஆன்ட்டி அவள் முந்தானையைப் பிடிக்க, அவரையும் சேர்த்து இழுத்தது. தாம்பாளம் எங்கோ விழுந்து உருண்டது. பெஞ்சின் விளிம்பு யாமினியின் விலாவில் இடித்தது. இருவரும் அதன்மேல் புரண்டு இந்தப் பக்கம் விழுந்தார்கள்.

வாசல் வழியே யாமினி பார்த்தாள். எரியும் கற்பூரக் கட்டி ஒன்று மெதுவாக உருண்டுபோய், தரையும் தகரமும் சேரும் இடுக்கில் விழுந்தது.

இடுக்கு நெடுக வெள்ளையாக ஒரு கோடு சீறிக்கொண்டு ஓடியது.

பிறகு காது கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கூடத்தில் வெயில் அடித்தது. தகரச் சுவர் இல்லை. அது புல் மேடுகளுக்கு நடுவே காகிதம்போலக் கசங்கிக் கிடந்தது. வாழையிலை, சேலை, புது அடுப்பு எதுவுமே இல்லை. மூன்று கான்கிரீட் சுவரும் நின்றன. நடுச்சுவரின் இந்தப் பக்கத்தில் அவர்கள் இருவரும் தூசியோடு தூசியாக இருமிக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சின்மேல் தூசியே இல்லை. ஹேர்பின்கள், வளையல்கள், மெட்டி, ஆன்ட்டியின் ஊக்குகூட, நேர்வரிசையாக இருந்தன.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. தரைக்கடியில் எண்பது வருடத்து வெடிமருந்துப் பொடி படிந்திருந்ததாம், அந்த வாடையும் அதனுடையதுதானாம், யாருக்கும் தெரியாதாம். எஸ்டேட் முழுவதையும் மூடிவிட்டார்கள். தப்பித்ததே பெரிது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யாமினிக்கு நன்றி சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சொல்லத் தெரிந்த பிசாசு முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? தீபாவளிக்கு இனி எங்கே போய் அடுப்பு வைப்பது?

"எங்க வைக்கிறது? திரும்ப எங்க வீட்லதான் வைக்கணும், எவன் என்ன சொன்னாலும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்.

அவள் கழுத்தைப் பரிசோதித்த ஆம்புலன்ஸ் பெண் சட்டென்று நிறுத்தினாள். இந்தக் கட்டு யார் போட்டது, நாங்கள் போடவில்லையே என்றாள்.

யாமினி குனிந்து பார்த்தாள். தாலியைச் சுற்றி, பொன் துளியும் தெரியாமல், பழுப்பேறிய துணிப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஓரங்களை மடித்து, அழகாக, கைதேர்ந்த யாரோ ஒட்டியது.

வீட்டுக்கு வந்து அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். சபரியிடம் சொல்லவில்லை. அவன் சில் பண்ணச் சொல்வான்.

மறுநாள் காலை காபி போட அடுப்பைத் திருகினாள். டிக், டிக், டிக் என்றது. நீலமாகப் பிடித்தது. ஒவ்வொரு கண்ணாகச் சுருங்கி அணைந்தது.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. விரலில் துணி தட்டுப்பட்டது.

மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தாள். ஷூ பெஞ்சின்மேல் கார்ச் சாவி, மகள் வெண்பாவின் கிளிப்புகள், சபரியின் வாட்ச், சமையலறைக் கத்திகள், எல்லாம் ஒரே திசை பார்த்து வரிசையாக இருந்தன. பெஞ்சின் ஓரத்தில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

மாடியிலிருந்து சபரியின் தூக்கக் கலக்கக் குரல் கேட்டது.

"யாமினி, என் மோதிரத்துல என்னத்த சுத்தி ஒட்டி வெச்சிருக்க?"