உறுமி நின்ற நான்கு விநாடி

பிரிக்பீல்ட்ஸில் சுகுமாறனின் போட்டோஸ்டேட் கடை எந்நேரம் திறந்திருக்கும் என்று அவர் மனைவிக்கே தெரியாது. மாடியில் குடியிருக்கும் இராஜம்மாவைத் தேடி யாராவது கலங்கிய முகத்தோடு படியேறினால் போதும், மனிதர் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னாலேயே ஓடிவிடுவார். இராஜம்மா முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொய்யை மூன்று மொழிகளில் கேட்டுப் பழகிய காது அது.

அன்று காலை படியேறியவள் வாணி, கிள்ளானில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இயற்றிய பாடல்களுக்கென்றே நடக்கும் அனைத்துலகப் போட்டியில் அவள் பாட்டு இறுதிச் சுற்றுக்குத் தேறியிருந்தது. கன்னையா என்பவரின் உறுமி மேளக் குழு பயிற்சி செய்வதைப் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டு வரை ஒலிப்பதிவு செய்து, அதை வைத்தே இயந்திரத்துக்குப் பாட்டுக் கட்டப் பழக்கியிருந்தாள். செப்டம்பரில் அந்தப் பாட்டின் ஒலியைச் சீர்செய்யப் பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜீவனிடம் கொடுத்தாள். வினை அங்கேதான் பிடித்தது. அது மார்ச் மாதமே தன் கையால் அமைத்த மெட்டு என்றும், வாணி அதைத் திருடி இயந்திரத்தின் பேரில் அனுப்பிவிட்டாள் என்றும் ஜீவன் போட்டிக் குழுவுக்குப் புகார் எழுதியிருந்தான். மார்ச் தேதியிட்ட கோப்பையும் இணைத்திருந்தான். அன்று மாலை ஆறு மணிக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போட்டியிலேருந்து தூக்கினா தூக்கட்டும் ஆன்டி. திருடின்னு பேர் போட்டுருவாங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் பிள்ளைங்க முன்னால நிப்பேன்?"

கம்ப்யூட்டரில் தேதியை மாற்றுவது ஒரு வேலையா என்று சுகுமாறன் பொரிந்தார். மாற்றலாம், மாற்றினான் என்று காட்ட வேண்டுமே என்றார் இராஜம்மா. பிறகு பாட்டைப் போடச் சொன்னார்.

நல்ல பாட்டு. உறுமி ஏறி ஏறிப் போய் உச்சத்தில் சட்டென்று நின்றது. நான்கு விநாடி மௌனம். பின் விளிம்பில் குச்சியால் இரண்டு தட்டு, மறுபடி மேளம். சுகுமாறனுக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த மௌனத்தைப் பற்றிப் போட்டிப் படிவத்தில் என்ன எழுதினாய் என்று இராஜம்மா கேட்டார். வாணி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுன்னுதான் எழுதினேன். மெஷினே வச்சது. அழகா இருந்துச்சி, விட்டுட்டேன்." ஜீவனோ அதற்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தான்: காதலியைப் பிரிந்தவன் மூச்சடைத்து நிற்கும் கணமாம்.

அடுத்து இராஜம்மா மூல ஒலிப்பதிவுகளைக் கேட்டார். முதல் நான்கு மாதப் பதிவுகள் டெங்கில் என்ற ஊரில், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் இருந்த கொட்டகையில் எடுத்தவை. மேளம் தடையில்லாமல் ஓடியது. ஜூனில் குழு கிள்ளான் கடைவீதி மாடிக்கு மாறியது. அந்தப் பதிவுகளில் நடுநடுவே மேளம் நின்றது. தூரத்தில் ஏதோ ஒலிபெருக்கி, யாரோ செருமினார்கள். தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று சுகுமாறன் ஒப்புக்கொண்டு தேத்தண்ணி வாங்கப் போனார். திரும்பி வந்தபோது இராஜம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஜீவனின் ஸ்டூடியோவில் எல்லாரும் கூடினார்கள். போட்டிக் குழுவின் உள்ளூர்ப் பிரதிநிதி ஹேமாவும் வந்திருந்தாள். ஜீவன் சிரித்த முகமாக நாற்காலி எடுத்துப் போட்டான்.

"மௌனத்துக்குக் காரணம் எழுதிட்டீங்க தம்பி. அந்த ரெண்டு தட்டு எதுக்கு?" என்றார் இராஜம்மா.

"சும்மா ஒரு ஸ்டைல் லா, ஆன்டி. மார்ச்சுலயே அப்படித்தான் போட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இராஜம்மா ஒரு கிள்ளான் பதிவைப் போட்டு, ஒலியை உயர்த்தச் சொன்னார். மேளம் நின்றது. தூரத்து ஒலிபெருக்கி இப்போது தெளிவாகக் கேட்டது: தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. அது முடிந்ததும் இரண்டு தட்டு, மறுபடி மேளம்.

"கிள்ளான் மாடிக்குப் பக்கத்துலயே ஒரு சூராவ், சின்னப் பள்ளிவாசல், இருக்கு," என்றார் இராஜம்மா. "பாங்கு சொன்னா கன்னையா குழு அடிக்கிறதை நிறுத்திரும். யாரும் சொல்லி இல்ல, மரியாதைக்கு. முடிஞ்சதும் கன்னையா ரெண்டு தட்டு தட்டுவாரு, ஆரம்பிக்கலாம்னு. காலையில போன் போட்டுக் கேட்டுட்டேன். மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? மேளம்னா நடுவுல நிக்கும், ரெண்டு தட்டு தட்டும்னு கத்துக்கிச்சு, நிமிஷக்கணக்கா நின்னதை நாலு விநாடியா சுருக்கிருச்சி. டெங்கில் தோட்டத்துல பாங்கு கேக்காது. அந்தப் பதிவை மட்டும் வச்சி மே மாசம் மெஷின் கட்டின பதினாலு பாட்டு வாணிகிட்ட இருக்கு. ஒண்ணுலயும் மௌனம் இல்ல. ஜூனுக்கு அப்புறம் பொறந்த மௌனம், தம்பி, உங்க மார்ச் பாட்டுக்கு எப்படி வந்துச்சி?"

அதே போட்டியில் முதல் சுற்றிலேயே தள்ளுபடியான தன் பாட்டைப் பற்றி ஜீவன் முனகியதை ஹேமா கேட்டபடியே தட்டச்சு செய்தாள். நாலரைக்கெல்லாம் பதில் வந்துவிட்டது: புகார் தள்ளுபடி, வாணியின் பாட்டு இறுதிச் சுற்றில் நீடிக்கும். வாணி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். அப்பாடா என்று சுகுமாறன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"கோர்ட்டுல பாத்திருக்கேன். செஞ்சவன் சில சமயம் 'தெரியாது'ம்பான். செய்யாதவன்தான் எல்லாத்துக்கும் காரணம் வச்சிருப்பான்."

கன்னையாவிடம் நேரில் சொல்லியே ஆக வேண்டும் என்று வாணி நின்றதால், அந்தி சாயும் நேரம் மூவரும் கிள்ளான் மாடிக்குப் போனார்கள். கன்னையாவுக்கு முதலில் பயம்தான் வந்தது. "நான் சும்மா நிறுத்துனதுக்கு உங்க பாட்டுல ஏதும் கொறையா போச்சாம்மா?" என்றார். வாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மானத்தைக் காப்பாற்றியதே அதுதான் என்றாள். பிறகு போனில் படிவத்தைத் திறந்து, "தெரியாது" என்றிருந்த இடத்தை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதினாள்.

ஒருபுறம் மேளம் ஓட, சுகுமாறன் ஓய்ந்திருந்த மேளக்காரர்களுக்குக் கதையை முதலிலிருந்து, தன் பங்கைச் சற்றே பெருக்கி, சொல்லிக்கொண்டிருந்தார். பாங்கு ஒலித்தது. மேளம் நின்றது. அவரும் நிறுத்தினார். முடிந்ததும் கன்னையா விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, வாணியைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.