நாலாவது மெஷினின் பொட்டு

"ஏனுங்க அம்மணி, இன்னொரு கையும் போனாத்தான் நம்புவாங்களாங்க?"

சின்னாத்தாள் இப்படிக் கேட்டது வக்கீல் நாச்சியம்மாளிடம். ஆயுத பூஜையன்று சின்னாத்தாளின் கணவர் மருதாசலத்தின் வலது கை, பஞ்சு மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் சிக்கி மணிக்கட்டோடு போய்விட்டது. வேலையில் நடந்த விபத்து என்று உறுதியானால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் ஆயுள் முழுக்க ஊனத்தொகை வரும், வைத்தியமும் நிற்காது. மில்லோ, பூஜையன்று மெஷினே ஓடவில்லை என்றது. வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும்போது பட்டதாம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் பதிவாகியிருந்தது.

"மயங்கிக் கெடந்தவரு எங்கீங்க சொல்வாரு? கொண்டுபோய்ச் சேத்துன மேஸ்திரி காளிச்சாமி சொன்னதுங்க அது. இஎஸ்ஐக்குப் போனா மில்லுல கேளுங்கறாங்க. மில்லுக்குப் போனா கேட்டே தொறக்கறதில்லைங்க. செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்."

மறுநாள் நாச்சியம்மாள், ஜூனியர் மெர்சியையும் அந்தத் தம்பதியையும் கூட்டிக்கொண்டு போத்தனூர் பக்கமிருந்த மில்லுக்குப் போனார். வக்கீல் என்றதும் கேட் திறந்தது.

"இன்னும் எத்தன தடவைங்க இதையே சொல்றது?" மேனேஜர் சலித்துக்கொண்டார். "காலைல பூஜை, உடனே லீவு. நல்லாப் பாத்துக்குங்க. ஒரு சொட்டு ரத்தமாச்சும் இருக்குதுங்களா?"

மெர்சி குனிந்து மெஷின்களுக்கு அடியில் தேடினாள். நாச்சியம்மாள் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. நாலாவது மெஷினின் பொட்டு மட்டும் நரைத்த தாடி முளைத்ததுபோல இருந்தது.

"இன்னும் தொடைக்கலீங்களா மேஸ்திரி?" என்று கூடவே வந்த காளிச்சாமியிடம் கேட்டார்.

"சாமி பொட்டுங்க. தானா உதிரோணும். இங்க யாரும் கை வெக்க மாட்டோம்," என்றார் காளிச்சாமி.

"மெர்சி, அந்தத் தாடி என்னன்னு பாரு."

"பஞ்சுங்கக்கா. சந்தனத்துக்குள்ளேயே பதிஞ்சிருக்கு." மெர்சி யோசித்தாள். "ஆனா மறுநாள் மில் ஓடுனப்ப ஒட்டியிருக்கலாமில்லீங்களா?"

"மறுநாளைக்குச் சந்தனம் காஞ்சுபோயிருக்கும். அப்படியும் ஒட்டியிருந்தா எல்லாப் பொட்டுலயும் ஒட்டியிருக்கோணும். இது ஒண்ணுல மட்டும் பதிஞ்சிருக்குன்னா, பொட்டு வெச்ச ஈரம் காயறதுக்குள்ள இந்த மெஷின் ஓடியிருக்குது." நாச்சியம்மாள் காளிச்சாமியின் பக்கம் திரும்பினார். "ரத்தத்தைச் சுத்தமாக் கழுவிப்போட்டீங்க மேஸ்திரி. பொட்டைத் தொடைக்கத்தான் மனசு வரலை."

மருதாசலம் இடது கையால் மேஸ்திரியைக் காட்டினார். "லோடு போகோணும், எல்லாரும் போகட்டும், நீ மட்டும் இருன்னாருங்க."

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் பொய்யனாக்கிப் போட்டியேய்யா." பிறகு ஆபீஸ் பக்கம் பார்த்துச் சொன்னார்: "விபத்து ரிப்போர்ட் கொண்டாங்க. இங்க, வேலை நேரத்துலன்னு எழுதுங்க."

சின்னாத்தாள் காளிச்சாமியின் எதிரில் போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில, அழுவாத கண்ணு, நானிருக்கேன்னீங்களே. அப்பக்கூடச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

காளிச்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவளைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.