திரைக்கு முன்னால் ஒரு குடை

வீட்டில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறியவள், சூடு பட்டால் படபடவென்று வெடிப்பாள். ஆனால் பாருங்கள் கண்ணுகளா, நாயைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்தப் பயத்தைப் போக்கத்தான் வாரம் ஒருமுறை சித்தப்பாவோடு மருத்துவமனைக்கு வந்தாள். டாக்டரம்மா அவள் கண்களை முழுதும் மறைக்கும் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிடுவார். உடனே எதிரே ஒரு தெரு தெரியும். தெருவில் ஒரு நாய் நிற்கும். கணினி காட்டும் நாய்தான். ஆனாலும் பயம் நிஜம்தான். பயம் குறையக் குறைய நாயைக் கிட்டே வரவிட வேண்டும். போன வாரம் பத்தடி தூரம் வரை வரவிட்டிருந்தாள்.

இன்று வெளியே மழை. காத்திருக்கும் கூடம் நிறைந்திருந்தது. சுவரில் ஒரு திரை. அதில் உயரமான பாலம் தெரிந்தது. "போதும்மா, இறக்கி விடுங்கம்மா," என்று ஒரு குரல் நடுங்கியது. சற்றுமுன் உள்ளே போன பேருந்து ஓட்டுநரின் குரல்.

"மீசையப் பாத்தா சிங்கம் மாதிரி இருந்தாரு, பாலத்துக்குப் போய் அழறாரே," என்றார் ஒருவர். கூடமே சிரித்தது.

"சித்தப்பா, உள்ள நடக்கறது இங்க எப்படித் தெரியுது?"

"போன வாரம் நீ உள்ள போனதும்தான் இந்தத் திரைய மாட்டுனாங்க. மெஷினைப் பத்தி எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்னு." சித்தப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. "நீ பயத்துல 'கிட்ட வராதீங்க சார்'னு நாயவே சார் போட்டுக் கூப்பிட்டியே. வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

கடுகின் காது சிவந்தது. "நான் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க உக்காந்து சிரிச்சீங்களா?"

"சும்மா தமாசுக்குத்தானே."

"இனிமே நான் வரமாட்டேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

வாசல்வரை போய்விட்டாள். அப்போது திரையிலிருந்து, "யாராவது என் கையப் பிடிச்சுக்கங்க," என்று கேட்டது. மறுபடியும் சிரிப்பு.

கடுகு திரும்பினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஈரக் குடையைத் திரைக்கு முன்னால் விரித்தாள். முன்வரிசையில் தண்ணீர் தெறித்தது.

"பாப்பா, மறைக்குது. இறங்கு," என்றார் வரவேற்பில் இருந்த அக்கா.

"மறைக்கத்தான் நிக்கறேன். இது என்ன சினிமாவா? உள்ள ஒருத்தர் பயந்துக்கிட்டு இருக்காரு. அவர்கிட்ட கேட்டீங்களா? என்கிட்ட கேட்டீங்களா?"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே வியர்த்த முகத்தோடு ஓட்டுநர். திரையைப் பார்த்ததும் அவர் தலை குனிந்தது.

அதை டாக்டரம்மா பார்த்தார். "மாட்டச் சொன்னது நான்தான். உங்க ரெண்டு பேரையும் கேட்டிருக்கணும். தப்பு என்னுது," என்று சொல்லி, திரையின் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

ஓட்டுநர் கடுகை இறக்கிவிட்டார். "அடுத்தது நீயாம்மா? தைரியமாப் போ. ஒருத்தரும் எட்டிப் பாக்காம நான் பாத்துக்கறேன்." அறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நானும் காவல் இருக்கேன்," என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி.

"நீங்க குடையப் பிடிங்க," என்றாள் கடுகு.

உள்ளே, பத்தடி தூரத்தில் அதே நாய் நின்றது. பயம் இருக்கத்தான் செய்தது. கடுகு மூச்சை இழுத்துவிட்டாள்.

"ரெண்டடி கிட்ட வாங்க சார்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.